அம்மாவின் தைராய்டு மாத்திரை: கம்பெனி மாறினால் உடம்புக்குத் தெரியுமா?

பட்டர்வொர்த் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. 11 வருடமாக லெவோதைராக்சின் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறார். பிப்ரவரியில் கிளினிக்கில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தார்கள். கேட்டதற்கு, "அதே மருந்துதான், பெட்டிதான் வேறு" என்றார்கள். மூன்று வாரத்தில் ஒரே அசதி. தண்ணீர்மலைக் கோயில் படியை இரண்டே இடத்தில் நின்று ஏறிவிடுகிறவர், பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது என் மருந்து இல்லை" என்றார். மனப்பிரமை என்று சொல்லிவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. பெயரும் அளவும் ஒன்றாக இருக்கும்போது உடம்புக்கு வித்தியாசம் தெரியுமா?

ஓய்வுபெற்ற மருந்தாளர், ஜார்ஜ்டவுன்:
தெரியலாம், தங்கச்சி. 100 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரையில் மீதியெல்லாம் லாக்டோஸ், மாவு மாதிரியான பொருட்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது அதுதான். பிரான்சில் 2017இல் லெவோதைராக்ஸ் என்ற பெயரில் விற்கிற இதே மருந்தின் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மருந்து அதேதான். ஆனாலும் அசதி, தலைவலி, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கானோர் புகார் கொடுத்தார்கள்.

ஜெனரிக் மருந்து, அதாவது முதலில் வந்த மூல மருந்தை வேறு கம்பெனி செய்து விற்பது, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதை மூல மருந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லையைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். சராசரி மட்டும் அல்ல, அதன் பிழை வரம்பு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். அதனால் உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் சிறியதுதான். அளவு கொஞ்சம் மாறினாலே பாதிக்கிற இம்மாதிரி நுணுக்கமான மருந்துகளுக்கு ஐரோப்பாவில் 90 முதல் 111 வரைதான். ஆனால் ஒன்று: ஒவ்வொரு ஜெனரிக்கையும் மூல மருந்தோடுதான் ஒப்பிடுகிறார்கள், இன்னொரு ஜெனரிக்கோடு அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சிலருக்கு அது தெரியும்.

நீங்கள் மூன்று வாரம் என்று எழுதியதைக் கவனித்தேன். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மறுநாளே அசதி என்றால் பயம் என்று சொல்லியிருப்பேன். மூன்று வாரம் என்றால் டிஎஸ்எச் (தைராய்டு மருந்து போதுகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தே ஆகவேண்டும், மாறியதிலிருந்து 6 முதல் 8 வாரத்தில். அப்புறம், பிப்ரவரியில் வேறு என்ன மாறியது? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, காலைக் கோப்பி நேரம்? நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசி:
அப்பாவுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் மாறியதும் வயிற்றுப்போக்கு. இரண்டு பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டினோம். பழையது மெதுவாகக் கரைகிற வகை, புதியது சாதாரண வகையாம். மாற்றித் தந்தார்கள். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

பட்டர்வொர்த் மகள்:
அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விதான் கண்ணைத் திறந்தது. டிஎஸ்எச் 8.1 வந்திருக்கிறது. அது அதிகம், மருந்து போதவில்லை என்று அர்த்தமாம். எலும்புத் தேய்மானத்துக்கு இன்னொரு டாக்டர் அதே பிப்ரவரியில் கால்சியம் கொடுத்திருக்கிறார். அம்மா இரண்டையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறார். கால்சியம் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம், நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். இப்போது தைராய்டு மாத்திரை விடிகாலை 5.30க்கு வெறும் தண்ணீரில், கோப்பி 6.30க்கு, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு.

கம்பெனி மாறியதும் கொஞ்சம் காரணமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதனால் அளவைக் கூட்டவில்லை, இதே கம்பெனி மாத்திரையைத் தொடரச் சொன்னார். ஜூனில் மறுபடி ரத்தப் பரிசோதனை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.