இலக்குச் சுடுதலுக்கு எந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. இதுவரை கிளப் ரைஃபிளில்தான் சுட்டுப் பழகினேன். இப்போது உரிமம் வந்துவிட்டது, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். 50 மீட்டரில் காகித இலக்கு, படுத்த நிலை, அவ்வளவுதான். அதனால் .22 எல்.ஆர். என்ற சிறிய தோட்டா ரகத்துக்கான ரைஃபிள் என்று முடிவு செய்துவிட்டேன். தோட்டா மலிவு, பின்னுதையும் மிகக் குறைவு.

மனதில் இருப்பவை சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ், சாவேஜ் மார்க் 2. சாவேஜ்தான் கையைக் கடிக்காத விலை. விசையின் கனத்தையும் நாமே குறைத்துக்கொள்ளலாம். சிஇசட்டின் போல்ட்டை (தோட்டாவை ஏற்றக் கையால் இயக்கும் பகுதி) இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. பிற்பாடு பேரலையும் (குழலையும்) மாற்றிக்கொள்ளலாமே என்று மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. டிக்காவைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பே அமையவில்லை.

ஆனால் ஒரு யோசனை. ஒரே ரைஃபிள் ஒரு வகைத் தோட்டாவில் துளைகளை ஒட்டி ஒட்டி வைக்கும், இன்னொன்றில் சிதறடிக்கும். அப்படியானால் விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல ஸ்கோப்புக்கும் பல வகைத் தோட்டாக்களைச் சோதிப்பதற்கும் போடுவது புத்திசாலித்தனமா? கனமான பேரல் படுத்துச் சுடுபவருக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

அப்புறம், பழையது கிடைத்தால் பேரல் முனையின் விளிம்பைத் தவிர வேறு எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்திருப்பவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.