கலைச்சொல் உதவி: கிருமி நீக்கிய கழிவுநீரைப் புல்தரைக்குப் பாய்ச்சும்போது அதற்கு என்ன பெயர்?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். பூங்கா, விளையாட்டுத் திடல் பராமரிப்பவர்களுக்கான பாசனக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து, வடிகட்டி, குளோரினோ புற ஊதாக் கதிரோ கொடுத்து, அப்புறம் புல்லுக்குத் தெளிக்கிறார்கள். மூலத்தில் இதற்கு 'டிஸ்இன்ஃபெக்டட் ரீகிளெய்ம்டு வாட்டர்' என்று பெயர். 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்' போதாது. சுத்திகரிப்புக்கு ஓர் அதிகாரமும் கிருமிநீக்கத்துக்கு வேறோர் அதிகாரமும் கையேட்டில் இருக்கின்றன. அதே சொல் இந்த நீர் ஓடும் ஊதா நிறக் குழாயின் மேலும், திடலோர எச்சரிக்கைப் பலகையிலும் வர வேண்டும். ஆகவே சுருக்கமாக இருந்தால் நல்லது.

தமிழாசிரியர்:

'மீள்நீர்' என்று வைக்கலாம். வினைத்தொகை. மீண்ட நீர், மீள்கின்ற நீர், மீளும் நீர் என முக்காலத்துக்கும் பொருந்தும். ஒருமுறை பயன்பட்டு மறுபடி பயனுக்கு வருகிற நீருக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது. 'சுத்திகரிப்பு' என்ற வடசொல்லையும் விட்டுவிடலாம்.

இலக்கண ஆர்வலர்:

ஐயா, 'மீள்' தன்வினை. நீர் தானாக மீளவில்லை, நாம் மீட்கிறோம். பிறவினையில் 'மீட்டநீர்' என்பதே சரி. இன்னொன்று, புணர்ச்சி விதியைக் கறாராகப் பிடித்தால் மீள் + நீர் 'மீணீர்' ஆகும். குறில் செறியாத, அதாவது தனிக்குறிலை அடுத்து வராத, ளகரத்துக்குப் பின் வரும் நகரம் ணகரமாகும், ளகரம் கெடும். நன்னூல் அப்படித்தான் சொல்கிறது.

தமிழாசிரியர்:

விதி எனக்கும் தெரியும். 'மீணீர்' என்று பலகையில் எழுதினால் மீன் வளர்க்கும் தொட்டி என்று நினைப்பார்கள். கலைச்சொல்லில் பொருள் தெளிவுக்காகச் சொற்களைப் பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. 'புல்தரை' என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்? விதிப்படி அது 'புற்றரை'. அதைப் படிப்பவர் கண்ணில் கறையான் புற்றுதான் முதலில் படும்.

இலக்கண ஆர்வலர்:

புற்றரையைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் 'கற்றூண்', 'பொற்றொடி' எல்லாம் படிக்கிறார்கள். புற்றரை மட்டும் புரியாதா?

புல் என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். 'புறக்கா ழனவே புல்லென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். வெளியே வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம். பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். அப்படியானால் திடலில் வெட்டி வளர்க்கும் புல்லை வெறும் 'புல்' என்பது போதுமா? 'தரைப்புல்' என்றால் பயிரைக் குறிக்கும், 'புற்றரை' இடத்தைக் குறிக்கும். கையேட்டில் நீர் பாய்வது பயிருக்கா, இடத்துக்கா? புல்லுதல் என்றால் தழுவுதல். மண்ணைத் தழுவிப் படர்வதால்தான் புல் என்று பெயர் வந்தது என்பது என் துணிபு.

தமிழாசிரியர்:

புன்மையிலிருந்து வந்தது, சிறியது என்ற பொருளில். தழுவுதல் என்றால் பனை எதைத் தழுவுகிறது?

நீர்ப் பொறியாளர்:

மன்னிக்கவும், நீருக்குத் திரும்புவோம். இந்த நீரில் 'கிருமிநீக்கம்' என்பதே எனக்கு உறுத்துகிறது. நீக்கம் என்றால் ஒன்றும் மிச்சமில்லை என்றாகும். உண்மை அப்படி இல்லை. குடற்புழு முட்டைகளைக் குளோரின் ஒன்றும் செய்யாது. அவற்றை வண்டலாகப் படியவிட்டும் வடிகட்டியும்தான் பிடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் குளோரினைத் தாங்கும், ஆனால் புற ஊதாக் கதிருக்கு அடங்கும். அதிலும் நீர் கலங்கலாக இருந்தால் துகள்களின் மறைவில் கிருமி தப்பிவிடும். அதனால்தான் வடிகட்டல் முதலில் வருகிறது. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதனுடன் சேர்ந்து குளோரமைன் ஆகிவிடும், வீரியம் குறையும்.

அதனால் விதிகள் எல்லாம் 'எவ்வளவு குறைத்தாய்' என்றுதான் கேட்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 1989 வழிகாட்டி, மக்கள் நேரடியாகத் தொடக்கூடிய பொதுப் புல்வெளிகளுக்கு 100 மி.லி. நீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கை 200-க்கு மேல் கூடாது என்றது. கலிஃபோர்னிய விதி இன்னும் கடுமை. பூங்கா, பள்ளித் திடல்களுக்குப் பாய்ச்சும் மூன்றாம் நிலை நீரில், அதாவது வடிகட்டலும் கிருமிநீக்கமும் முடிந்த நீரில், மொத்தக் கோலிஃபார்மின் ஏழு நாள் இடைநிலை மதிப்பு (அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 100 மி.லி.க்கு 2.2-ஐத் தாண்டக் கூடாது. ஆட்கள் நுழைவதைக் கட்டுப்படுத்திய கோல்ஃப் திடலுக்கு 23 வரை விடுகிறார்கள். இப்படி அளவுள்ள ஒன்றை 'நீக்கம்' என்று எப்படிச் சொல்வது? 'கிருமி குறைத்த' அல்லது 'கிருமி தணித்த' என்று போடுங்கள். முழுமையாக அழிப்பதற்கு 'நுண்ணுயிரழிப்பு' தனியாக இருக்கட்டும்.

இலக்கண ஆர்வலர்:

'கிருமி'யும் வடசொல். 'நோயணு' இருக்கிறதே.

பொது சுகாதாரப் பணியாளர்:

எது வடசொல் என்பது எனக்கு முக்கியமில்லை. 'கிருமி' எல்லோருக்கும் புரியும், அதை எடுக்காதீர்கள். ஈழத்தில் 'தொற்றுநீக்கி' புழங்குகிறது, அதுவும் புரியும். என் கவலை 'மீள்நீர்'. இந்தப் பெயரில் 'கழிவு' எங்கே போயிற்று? தெளிப்பான் பக்கத்தில் ஒரு குழந்தை பந்தை எடுக்கப் போகும், முகம் கழுவும். 'மீள்நீர்' என்று படித்தால் அதன் அம்மாவுக்கு ஒன்றும் தோன்றாது. 'கழிவுநீர்' என்று படித்தால் ஓடிப் போய்க் கையைப் பிடிப்பார். எச்சரிக்கை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

நீர்ப் பொறியாளர்:

நியாயம்தான் அம்மா. ஆனால் 'கழிவு' என்று எழுதினாலே திட்டத்தையே வேண்டாம் என்கிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 1932-இலேயே சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சத் தொடங்கினார்கள். நல்ல குடிநீரைப் புல்லில் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். பெயரால் அது கெட்டுப்போகக் கூடாது.

திடல் பராமரிப்பவர்:

இவ்வளவு நேரம் யாரும் புல்லைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இந்த நீர் வெறும் நீர் இல்லை. அதில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வருகின்றன, உரக் கணக்கில் அதைக் கழிக்க வேண்டும். உப்பும் வருகிறது. சோடியம் மிகுந்தால் களிமண்ணின் கட்டுமானம் குலைந்து மேல்மண் இறுகிவிடும். நீர் இறங்காமல் மேலே பளபளவென்று நிற்கும். அது களர். உப்பு மட்டும் சேர்ந்தால் உவர். உவருக்கு அவ்வப்போது கூடுதலாக நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். களருக்கு முதலில் ஜிப்சம் போட வேண்டும். கையேட்டில் இந்த இரண்டையும் ஒரே 'உப்புத்தன்மை'யில் அடக்கிவிடாதீர்கள். வைத்தியமே மாறிவிடும்.

இந்த நீரோடு வரும் போரான் புல்லின் நுனியில் போய்ச் சேரும். நுனி பழுத்துக் கருகும். வாரா வாரம் வெட்டி, வெட்டியதை அள்ளிவிட்டால் போரானும் கூடவே போய்விடும். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. அறுகு ஓரளவு உப்பைத் தாங்கும். 'அறுகுபோல் வேரோடி' என்று சும்மா வாழ்த்தவில்லை.

பெயர் எதுவானாலும் சரி. ஆனால் 'தூய' என்ற சொல் பக்கத்தில் வர வேண்டாம். தூயநீர் என்று நம்பி மண் பரிசோதனையை விட்டுவிடுவார்கள்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை கொடுத்தாக வேண்டும், அதனால் இப்படி வைக்கிறேன். உள்ளே 'கிருமி குறைத்த மீள்நீர்', பலகையில் 'மீள்நீர், குடிக்கக் கூடாது'. கிருமிநீக்க அதிகாரத்தின் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் முதல் பத்தியிலேயே பொறியாளர் சொன்ன அளவுகள் வரும். களர், உவர் இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. 'புல்தரை' என்றே எழுதுகிறேன். பெரும்பாலோர் இதற்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கண ஆர்வலர்:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லடைவிலாவது 'மீட்டநீர்', 'புற்றரை' இரண்டையும் மாற்றுச் சொற்களாகச் சேருங்கள்.

பொது சுகாதாரப் பணியாளர்:

உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். பலகையில் 'மீள்நீர்' மட்டும் வருவதற்கு நான் உடன்படவில்லை. இரண்டாவது வரியில் 'கழிவுநீரிலிருந்து எடுத்தது' என்று சேர்க்க முடியுமா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

பலகையின் அளவும் வரிகளின் எண்ணிக்கையும் முன்பே முடிவாகிவிட்டன அம்மா. கேட்டுப் பார்க்கிறேன்.

பொது சுகாதாரப் பணியாளர்:

கேளுங்கள். முடியாது என்றால் 'மீள்நீரை' எடுத்துவிட்டு 'கழிவுநீர், குடிக்கக் கூடாது' என்று போடுங்கள்.