சிமுலேஷனுக்கு 'ஒத்திகை' போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நர்சிங் படிப்பில் வரும் வர்ச்சுவல் சிமுலேஷனுக்கு, அதாவது திரையில் வரும் நோயாளியை வைத்துப் பழகுவதற்கு, 'மெய்நிகர் பாவனை' என்ற தமிழ்ச் சொல்லை நம் குழுவின் போன மடலில் ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். மெய்நிகர் ஊன்றிவிட்ட சொல், சரி. பாவனைதான் இடிக்கிறது. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. 'மருந்துப் பாவனை' என்றால் அங்கே வேறு பொருள் வந்துவிடும். 'போலி' என்று தொடங்கும் எதையும் ஆஸ்பத்திரிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். போலி மருந்து, போலி டாக்டர் என்று கறைபட்ட சொல் அது. 'உருவகப்படுத்துதல்' மென்பொருள் செய்கிற வேலை. மாணவி செய்வது வேறு.

போன வாரம் என் வகுப்பில் நடந்தது இது. திரையில் ஒரு நோயாளிக்கு ரத்தம் ஏறுகிறது. சில நிமிடங்களில், "குளிருது சிஸ்டர், இடுப்பு வலிக்குது" என்கிறார். ஏறும் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறி அது. மாணவி டாக்டரை அழைத்தார், காய்ச்சல் பார்த்தார், போர்வை போர்த்தினார். ரத்தம் மட்டும் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருந்தது. பிரஷர் இறங்கிய பிறகுதான், "ஐயோ, முதல்ல இதை நிறுத்தியிருக்கணும் மேடம்!" என்றார். மறுபடி தொடங்கியதும் முதல் வேலையாக ரத்தத்தை நிறுத்தினார். அப்புறம் புது டியூப் செட் மாட்டி சலைன் ஓடவிட்டார்.

மேடை ஏறுமுன் தப்பு செய்து திருத்திக்கொள்ளும் இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே: ஒத்திகை. பேரிடர் ஒத்திகை, தீத்தடுப்பு ஒத்திகை என்று செய்தித்தாள்கள் தினமும் எழுதுகின்றன. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு வந்த 'மிசஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மையை வைத்து மாணவிகள் பழகியதும் ஒத்திகைதான். பொம்மை இருந்த இடத்தில் இப்போது திரை. எனவே மெய்நிகர் ஒத்திகை.

'ஒத்திகை' கனமில்லாத சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அப்படிப் படவில்லை. 2014இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வில், வார்டு போஸ்டிங் நேரத்தில் பாதிவரை சிமுலேஷனுக்கு மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை. (திரையில் மட்டும் நடந்ததல்ல அது; பொம்மைகளும் இருந்தன.) உயிர் காக்கும் பழக்கம் இதில் வருகிறது என்றால் கனம் தானாக வரும்.

வானிலை, பொருளாதாரம் போன்றவற்றின் சிமுலேஷனுக்கு ஒத்திகை பொருந்தாது. அங்கே உருவகப்படுத்துதலே இருக்கட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்ற கட்டாயத்தை நாம் விட வேண்டும்.

இன்னொன்று. ஒத்திகை முடிந்ததும் ஆசிரியரும் மாணவியும் உட்கார்ந்து, எங்கே தடுமாறினோம், ஏன் என்று பேசுவார்களே, அந்த டீபிரீஃபிங். படிப்பில் பாதி அங்கேதான் நடக்கிறது. 'மீளாய்வு' என்றால் ஆபீஸ் கூட்டம் மாதிரி இருக்கிறது. 'அசைபோடல்' என்று வைக்கலாமா? மாடு மேய்ந்ததை நிதானமாக மென்று செரிப்பது போலத்தான் அதுவும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், விளக்காமலேயே மாணவிகளுக்குப் புரிந்தது. உங்களுக்கு எப்படிப் படுகிறது?