குண்டேரிப்பள்ளம் அணையில் நீங்கள் பட்டது, பார்த்தது

கள்ளிப்பட்டிக்காரன் எழுதியது:

தீபாவளிக்கு வந்திருந்த தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு நம் ஈரோடு மாவட்டத்துக் குண்டேரிப்பள்ளம் அணைக்குப் போயிருந்தேன். பவானிசாகர் கரையில் நடந்து பழகிய காலுக்கு இந்த 42 அடி அணை ஒரு பெரிய குளம்போலத்தான் தெரியும். பையனும் குளம் என்று நினைத்துத்தான் செருப்பைக் கழற்றினான். கரையின் உள்பக்கச் சரிவில் கல் பதித்திருப்பார்கள் இல்லையா, அதில் இறங்கி உட்கார்ந்து காலை நனைத்தான். தண்ணீர் இரண்டு நாளில் ஓர் அடி வற்றியிருந்தது. வற்றிய இடத்தில் கல் காய்ந்ததுபோலத் தோன்றும். தொட்டால்தான் பாசி தெரியும்.

உட்கார்ந்த வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போனான். அலறல்கூட இல்லை. இடுப்பு மறைந்தது, மார்பு மறைந்தது, கைகள் கல்லைப் பிராண்டுகின்றன, பிடி கிடைக்கவில்லை. எனக்கு வாய்க்கால் நீச்சல் தெரியும். சட்டையைக் கழற்றப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கண்ணு, நீயும் இறங்கிவிடாதே" என்று கத்திக்கொண்டே வந்தார். கையில் தழை அறுக்கும் தொரட்டி. கரைமேல் குப்புறப் படுத்து, அரிவாள் பக்கத்தைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு, மூங்கிலின் அடிப்பக்கத்தை நீட்டினார். நான் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டேன். பையன் பிடித்தான். இழுத்தோம். அவ்வளவுதான், ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளும் நேரம்கூட ஆகியிருக்காது. பையன் முழங்கையிலிருந்து தோல் உரிந்திருந்தது.

பெரியவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "போன வருசம் என் கிடாக்குட்டி ஒன்று இங்கேதான் போனது" என்றார். மறுபடி வேலமரத்தடிக்குப் போய்த் தழை அறுக்கத் தொடங்கிவிட்டார். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

உங்களுக்கும் இங்கேயோ இதுபோன்ற சின்ன மண் அணைகளிலோ ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதியது:

நான் வேறொரு மண் அணையில் லஸ்கராக, அதாவது அணையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளராக, வேலை பார்த்தவன். அந்தக் கற்களைப் படிக்கட்டு என்று நினைக்காதவர்கள் குறைவு. காற்றடித்தால் அலை வந்து மண்ணை அரிக்கும், அதைத் தடுக்கப் பதித்த கல் அது. மனிதன் இறங்கி ஏற வேண்டும் என்று யாரும் பதிக்கவில்லை. இறங்குவது சுலபம், நனைந்த காலோடு ஏறுவது நடக்காது. தொரட்டிக்காரர் செய்ததுதான் சரியான வேலை. கயிறு, சேலை, வேட்டி, காலிக் குடம், மூடிய பிளாஸ்டிக் கேன் எதுவானாலும் முதலில் அதைத்தான் நீட்ட வேண்டும், வீச வேண்டும். காப்பாற்றக் குதித்தவன் போவதும் முதலில் விழுந்தவன் பிழைப்பதும் நான் கண்ணால் கண்டது.

இன்னொன்று. கீழே பவானி ஆற்றுக் கொடிவேரி தடுப்பணையில், பவானிசாகரிலிருந்து தண்ணீர் அதிகம் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், போலீஸ் நிற்கும். பெரிய அணையில் தண்ணீர் விடும் முன் எச்சரிக்கை வரும். இங்கே அணை நிரம்பினால் உபரி நீர் தானாக வழிந்து போகிறது. யாரும் திறப்பதில்லை, அதனால் யாரும் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அணைப் பக்கத்துக் கொங்கர்பாளையத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் குன்றி, விளாங்கோம்பைப் பக்கம் மத்தியானம் கொட்டிய மழை சாயங்காலம் உங்கள் முழங்காலுக்கு வந்து சேரும். வழிகிற இடத்தில் ஷாம்பு போட்டுக் குளித்துக்கொண்டிருப்பவனுக்கு மலையில் மழை பெய்தது எப்படித் தெரியும்?

தோப்பூர் மருமகள் எழுதியது:

தெரியும் அண்ணா, பழகினால் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளத்து ஓடையில் துணி துவைக்கப் போவோம். ஒருநாள் மாமியார் திடீரென்று சோப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, "எடு, எடு, கிளம்பு" என்றார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. தண்ணீரில் சருகு வருகிறது பார் என்றார். கொஞ்சம் சருகு, கொஞ்சம் சுள்ளி, ஓரத்தில் பழுப்பாக நுரை. நாங்கள் மேட்டில் ஏறி ஈரத்துணியைக் கூடையில் அடுக்கி முடிப்பதற்குள் துவைத்த கல்லைக் காணவில்லை. செம்மண் நிறத்தில் போகிறது. என் பச்சைப் பாவாடை ஒன்று அதோடு பவானிக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதெல்லாம் விளாங்கோம்பைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வர இந்தக் காட்டாற்றைத்தான் பல இடங்களில் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளம் வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நமக்கு அணை நிரம்பினால் வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் எழுதியது:

தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கரையிலேயே செத்துப் பிழைத்தவன்.

சித்திரை மாதம், அணை பாதிக்குமேல் வற்றிக் கிடந்தது. நானும் சகலையும் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்ந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். கெண்டை ஒன்று இழுத்து இழுத்து விடுகிறது, அந்த ஆசை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக் காடு இது, யானை தண்ணீருக்கு வரும், இருட்டும் முன் போய்விடுங்கள் என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

முதலில் வந்தது வாசனை. ஈரச் சாணமும் தழையும் கலந்த வாசனை. திரும்பினால் வறண்ட வண்டலில் ஐந்தாறு பாறைகள். அந்தப் பாறைகள் மத்தியானம் அங்கே இல்லை. குட்டியும் இருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஐம்பது அறுபது அடி இருக்கலாம். அந்த நேரத்தில் யார் அளந்தது! சகலை மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்து இழுத்தேன். விளக்கும் சத்தமும் போட்டிருந்தால் இதை எழுத நான் இல்லை. காற்று அவற்றிடமிருந்து எங்கள் பக்கம் வீசியது, அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். பின்னாலேயே, பின்னாலேயே நகர்ந்து கரைமேல் ஏறி, அந்தப் பக்கமாக இறங்கி நடந்தே தோப்பூர் போனோம். வண்டியை மறுநாள் காலையில் எடுத்தோம். கண்ணாடி ஒன்று போயிருந்தது, பையிலிருந்த பன் இல்லை.

அங்கே நான் பார்த்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டலில் உடைந்த பீர் பாட்டில்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. யானையின் உள்ளங்கால் மெத்தென்றது. அதில் கண்ணாடி ஏறிப் புரையோடினால் அந்த யானை பல மாதம் அணு அணுவாகச் சாகும். போடுகிறவர்களைக் கையாலேயே பொறுக்கச் சொல்ல வேண்டும்.

சத்தி செவிலி எழுதியது:

பையன் எப்படி இருக்கிறான்? தண்ணீரைக் குடித்திருந்தால் அன்று முழுவதும் கவனித்திருக்க வேண்டும். இருமல் நிற்காமல் இருந்தாலோ மூச்சு வாங்கினாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்களிடம் கொண்டுவரும் போது பலரும் செய்திருப்பது, குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கியது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியது. அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குக் காற்றில்லாத நிமிடம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து ஊதுவதும் நெஞ்சின் நடுவில் அழுத்துவதும்தான் வேண்டும். ஒருவர் அதைச் செய்யட்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால் ஊரைப் பார்த்து ஓடட்டும்.

கள்ளிப்பட்டிக்காரன் எழுதியது:

நன்றாக இருக்கிறான் அக்கா. இருமல் அன்றே நின்றுவிட்டது. லஸ்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கரையின் வெளிப்பக்க அடியில் ஓர் இடம் எப்போதும் ஈரமாக, கோரை முளைத்துக் கிடக்கிறது. பயப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதியது:

மண் அணை கொஞ்சம் வியர்க்கும் தம்பி. தெளிந்த நீராக, ஒரே அளவில் கசிந்தால் வழக்கமாகப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். கலங்கி வந்தால், ஊற்று மணலைக் குவித்துத் துப்பினால், நேற்றைவிட இன்று அதிகம் வந்தால் அன்று இரவு தூங்க மாட்டோம். கலங்கல் என்றால் கரையின் மண் உள்ளேயிருந்து போகிறது என்று பொருள். நீங்கள் பார்த்ததை அணைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். கோரையைப் படம் எடுத்து, அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்று எடுங்கள்.

மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணையும் சின்ன மண் அணைதான். 2019 ஜூலை 2 இரவு உடைந்து, கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். உடைந்த பிறகு அமைச்சர் ஒருவர் நண்டு துளைத்துவிட்டது என்றார். நண்டுவளை, எலிவளை, கரையில் வேர்விட்ட மரம் எல்லாம் கெடுதிதான், நாங்களே தேடித்தேடி அடைத்திருக்கிறோம். ஆனால் நண்டா புகார் மனுவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டது?

கரைமேல் மண்ணைப் பறித்து மோட்டார் சைக்கிள் ஏற்றிப் பந்தயம் விடுகிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். டயர் போட்ட சிறு பள்ளத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் வாய்க்கால் வெட்டும்.

புதிய உறுப்பினர் எழுதியது:

எல்லாம் படித்தேன். வரும் ஞாயிறு குடும்பத்தோடு வரலாமா வேண்டாமா? மீன் கிடைக்குமா?

கள்ளிப்பட்டிக்காரன் எழுதியது:

தாராளமாக வாருங்கள். மீன் வேண்டுமென்றால் காலையிலேயே வாருங்கள், பிடித்ததும் விற்றுப்போகும். பிள்ளைகளைக் கல்லில் இறக்காதீர்கள். நாலு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வண்டியில் பத்து முழம் கயிறு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்; நான் இப்போது தொரட்டியே வாங்கிவிட்டேன்.