பிரிலியோத் மாமனார் தயவில் வந்தவரா?

பழந்தாள்: சுவீடன் லுத்தரன் சபை பற்றிய திரியில் நறுக் என்பவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இங்வே பிரிலியோத் தலைமைப் பேராயர் ஆனதெல்லாம் மாமனார் சோடர்புளோம் தயவு." படித்ததிலிருந்து உறுத்துகிறது. மாமனார் நாதன் சோடர்புளோம் இறந்தது 1931. மருமகன் பிரிலியோத் உப்சாலாவின் தலைமைப் பேராயர், அதாவது சுவீடன் சபையின் தலைவர், ஆனது 1950. இடையில் எர்லிங் எய்டெம் 19 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். கல்லறையிலிருந்து சிபாரிசுக் கடிதம் வந்ததா?

நறுக்: வந்துவிட்டார் நீதிபதி. 1950 கடைசிப் படி ஐயா, முதல் படியைப் பாருங்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் யார்? அந்தக் காலத்தில் தலைமைப் பேராயர் பதவியோடு சேர்ந்தே வந்த பொறுப்பு அது. ஆக, மாமனார்.

பழந்தாள்: 1931. 1950. இதற்குப் பதில் இல்லை, இணைவேந்தராம். பிரிலியோத் பேராசிரியர் ஆனது 1925ல், பின்லாந்தின் ஓபோ அகாதெமியில். வேறு நாடு, அதுவும் அப்போது தனியார் பல்கலைக்கழகம். அங்கே உப்சாலாக்காரர் சொல்லி என்ன நடக்கும்? அப்புறம் சுவீடனிலேயே லுந்து பல்கலைக்கழகம், 1938ல் வெக்‌ஷோ பேராயர். அப்போது மாமனார் போய் ஏழு வருஷம். கணக்கு தெரியுமா தம்பி?

நறுக்: தம்பியா? போன வருஷம் தேவாலய மணி பற்றிய திரியிலும் இதே தோரணைதான். அங்கே நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 1930ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியவரின் மருமகன் என்றால் பின்லாந்தில் கதவு தானாகத் திறக்காதா?

பழந்தாள்: நோபல் 1930, ஓபோ 1925. பரிசுக்கு முன்னாலேயே கதவு திறந்ததா? பேஷ்.

நறுக்: 1925ல்தான் ஸ்டாக்ஹோமில் பல நாட்டுச் சபைகளைக் கூட்டி மாநாடு நடத்தினார் உங்கள் சோடர்புளோம். புகழ் பரிசு வந்த அன்றைக்கா பிறந்தது?

ஓரமாய்_ஒருவன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சோடர்புளோமே 1914ல் தலைமைப் பேராயர் பதவிக்கான மூன்று பேர் பட்டியலில் மூன்றாவதாக வந்தவர்தானே? அரசு அவரைத்தான் எடுத்தது. தயவு குடும்பச் சொத்து போலிருக்கிறது.

பழந்தாள்: அந்தக் காலத்து முறை அது. சபை மூன்று பெயரைக் கொடுக்கும், அரசு ஒன்றை எடுக்கும். அதைத் தயவு என்றால் சுவீடனில் எல்லாப் பேராயரும் தயவில் வந்தவர்தான். சும்மா கொளுத்திப் போடாதீர்கள்.

நறுக்: அதையேதான் நானும் சொல்கிறேன்!

பழந்தாள்: நீங்கள் சொன்னது மாமனார் தயவு. 1931. 1950. மனிதர் என்ன வேலை செய்தார் என்று ஒருவராவது பார்த்தீர்களா? 1915ல் முனைவர் பட்டத்துக்கு எடுத்த விஷயம், இடைக்காலத்தில் சுவீடனிலிருந்து போப்பாண்டவருக்குப் போன வரி. அந்தப் பழைய கணக்கைத் தோண்டுவதற்குப் பொறுமை வேண்டும், மாமனார் போதாது. பிறகு ஆக்ஸ்போர்டு இயக்கம் என்ற, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சபையின் மறுமலர்ச்சியைப் பற்றி ஆங்கிலேயரே மதிக்கும்படி ஒரு புத்தகம். 1926ல் நற்கருணை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து, பற்றி எழுதினார். நன்றி செலுத்துதல், ஐக்கியம், நினைவுகூர்தல், பலி, இவை எல்லாவற்றையும் தொட்டு நிற்கும் மறைபொருள் என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொரு சபையும் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு மற்றதை நழுவவிட்டதை வரலாறு வழியாகவே சொன்னார். அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ஹீபர்ட் என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை) துறவி. அவருக்கும் உப்சாலாவிலிருந்து உத்தரவு போனதா?

நறுக்: நல்ல புத்தகம் எழுதினார் என்பதை யார் மறுத்தது? இணைவேந்தர் யார் என்று கேட்டேன்.

தரங்கைக்காரன்: எங்கள் ஊரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர், சுவீடன் மிஷனரி எர்ன்ஸ்ட் ஹோய்மன் 1921ல் தரங்கம்பாடியில் அபிஷேகம் பெற்றார். அப்போது உப்சாலாவில் சோடர்புளோம். 1956ல் ராஜா மாணிக்கம் முதல் இந்தியப் பேராயர் ஆனபோது அங்கே பிரிலியோத். மாமனாரும் மருமகனும் நம் கதைக்குள்ளும் இருக்கிறார்கள்.

பழந்தாள்: நல்ல தகவல், ஆனால் திரிக்குத் தொடர்பில்லை.

தரங்கைக்காரன்: தொடர்பில்லையா? போப்பாண்டவர் வரிக்குத் தொடர்பு உண்டு, தரங்கம்பாடிக்கு இல்லை. சரி, பெரியவர்கள் பேசுங்கள்.

ஓரமாய்_ஒருவன்: அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தத் திரியிலேயே நம்மவர்களைப் பற்றி வந்த ஒரே பதிவு அது.

பழந்தாள்: பிரிந்த சபைகளை ஒன்றுசேர்க்கப் பார்த்த 'விசுவாசமும் சபை ஒழுங்கும்' என்ற உலக இயக்கத்துக்கு, ஆங்கிலிக்கன் பேராயர் வில்லியம் டெம்பிளுக்குப் பிறகு 1947ல் தலைவர் ஆனவர் பிரிலியோத். 1952 லுந்து மாநாட்டை நடத்தியவரும் அவரே. ஆழமான கருத்து வேறுபாடு தடுக்கிற காரியங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்று கேட்ட மாநாடு அது. ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் என்று பலரும் இருந்த அவை. அத்தனை பேருக்கும் 1931ல் இறந்த ஒருவர் தயவா தேவைப்பட்டது?

ஓரமாய்_ஒருவன்: சேர்ந்து செய்யச் சொன்னவருக்கு வக்காலத்து வாங்குகிறவர் இங்கே தரங்கைக்காரரையே வெளியே நிறுத்திவிட்டார்.

பழந்தாள்: உங்களுக்கு இதில் என்ன கருத்து என்று இதுவரை ஒரு வரி வந்ததா? வேடிக்கை பார்க்கத்தானே வந்தீர்கள்.

நறுக்: மாநாடு, புத்தகம், துறவி, எல்லாம் வந்துவிட்டது. கேட்ட கேள்வி அங்கேயே நிற்கிறது. இணைவேந்தர் யார்?

பழந்தாள்: 1931. 1950. இருபதாவது தடவை வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

நறுக்: எழுதுங்கள். மணி திரிக்கும் போய் ஒரு பதில் போட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

தரங்கைக்காரன்: நான் ஹோய்மனுக்குத் தனித் திரி திறந்துவிட்டேன். பழந்தாள் ஐயா அங்கே வர வேண்டாம், தொடர்பில்லை.