பூனைக்குட்டி எலிப் பசை அட்டையில் மாட்டினால்: அவரவர் பட்டறிவு

எலி பிடிக்க வைக்கிற பசை அட்டையில் குட்டி மாட்டிக்கொண்டது, என்ன செய்வது என்று யாராவது பதறிப்போய்க் கேட்பதும், நாம் பதில் சொல்வதற்குள் அந்த வீட்டில் இன்னொருவர் மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்து நிற்பதும் வாடிக்கையாகிவிட்டது. அதனால் எனக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களுடையதையும் கீழே சேருங்கள்.

எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் ராத்திரி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அட்டையை விரித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் காலையில் கடைக்காரத் தம்பி ஓடிவந்து, "அக்கா, உங்க வீட்டு வாசல்ல சோறு தின்னுமே அந்தச் செம்பட்டைக் குட்டி, அட்டையில ஒட்டிக்கிட்டுக் கத்துது, கையை வச்சா கடிக்க வருது" என்றான். போய்ப் பார்த்தால் வயிற்றின் ஒரு பக்கம், பின்னங்கால் ரெண்டும், வால் முழுக்க அட்டையில். முன்னங்காலை ஊன்றி அது இழுக்க இழுக்க, தொடைத் தோல் சதையை விட்டு எழும்பி எழும்பி அடங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: பிடித்து ஒரே இழுப்பாக இழு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முடியோடு தோலும் உரியும், பிஞ்சுக் கால் என்பதால் மூட்டும் பிசகிவிடலாம்.

முதலில் ஒரு பழைய துண்டை எடுத்து அதன் தலையையும் முதுகையும் மூடினேன். இருட்டானதும் திமிறல் பாதி அடங்கியது. அப்புறம் அட்டையில் காலியாகக் கிடந்த இடத்திலெல்லாம் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினேன், இல்லையென்றால் விடுவித்த கால் மறுபடியும் போய் ஒட்டும், நம் கையும் ஒட்டும். கடையிலேயே ஒரு கடலை எண்ணெய் பாக்கெட்டைப் பிரித்து, உடம்பும் அட்டையும் சேருகிற விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விரலால் நீவினேன். பலாப்பழம் அறுக்கும் முன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அதே சங்கதிதான், இந்தப் பசை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்கு இளகும். ஆனால் உடனே இளகிவிடாது. ஊறவிட்டால்தான் விளிம்பில் பசை நூல் நூலாகப் பிரிய ஆரம்பிக்கும், அந்த இடத்தில் விரல்நுனியை நுழைத்து, குட்டியை இழுக்காமல் அட்டையைக் கீழ்ப்பக்கமாக வளைத்து விலக்க வேண்டும். வயிறு வந்தது, கால்கள் வந்தன, வால் மட்டும் கடைசிவரை பிடிவாதம்.

விடுபட்ட பிறகுதான் பாதி வேலையே இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிவந்து மறுபடி எண்ணெய் விட்டுத் தேய்த்தால் பசை சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும், அதைத் துணியில் வழித்துக்கொண்டே போக வேண்டும். ரொம்பப் பிசுபிசுத்தால் கொஞ்சம் மைதாவோ சோளமாவோ தூவலாம், முகத்துப் பக்கம் வேண்டாம், மூக்கில் ஏறிவிடும். பாதத்தில் விரல் இடுக்கில் இருந்ததைக் காது குடைகிற பஞ்சுக்குச்சியில் எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுத்தேன். கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பூவைக் கலந்து, கழுத்துக்குக் கீழே மட்டும் அலசினேன். எண்ணெய் முழுசாகப் போகவில்லை, போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒட்டுகிற தன்மை போய், நக்கினால் பேதி ஆகாத அளவுக்கு எண்ணெய் குறைந்தால் போதும், மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். காயவைப்பதுதான் அதைவிட முக்கியம். பூனையின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 38 டிகிரிக்கு மேல், நனைந்த குட்டிக்கு அது சட்டென்று இறங்கிவிடும், மின்விசிறியை நிறுத்திவிட்டுத் துண்டில் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுருட்டிப் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது அந்த மண்ணெண்ணெய் விஷயம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம், எல்லாவற்றிலும் பசை போகும்தான், யார் இல்லை என்றது? ஆனால் தோல் வெந்துபோகும், ஆவி நுரையீரலுக்குள் போகும். இதற்கெல்லாம் மேலே, பூனை நக்கியே சுத்தம் செய்துகொள்கிற பிராணி, முடியில் நீங்கள் எதைத் தடவினாலும் அது கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் இருக்கும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதை நக்கினால் பரவாயில்லையா? டெட்டாலும் பினாயிலும் இதில் உடனே அடிபட்டுப்போகும், அவற்றில் இருக்கிற ஃபீனால் வகைச் சரக்கைச் சிதைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு ரொம்பக் குறைவு. யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய் இரண்டும் ஆகாது. நம் வீடுகளில் சளிக்குத் தேய்க்க என்று கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் ஒரு குப்பியில் இருக்குமே, அவசரத்தில் அதை எடுத்துவிடாதீர்கள். வெறும் சமையல் எண்ணெய், அவ்வளவுதான்.

மதுரைக்காரன்

அக்கா, எங்கள் வீட்டில் பசை இல்லை, தார். தெருவில் ரோடு போட்ட வாரம் எங்கள் ஸ்பிட்ஸ் நாய் நாலு பாதத்திலும் தாரை அப்பிக்கொண்டு வந்து அம்மாவின் கோலத்தின் மேல் நடந்தது. ஆறிய தார் என்பதால் தேங்காயெண்ணெய் தடவி, பழைய சாக்ஸை மாட்டி ஊறவைத்து, பாத்திரம் விளக்குகிற லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினோம். சூடான தாரை மிதித்திருந்தால் கதையே வேறு, அது தீக்காயம், முதலில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுவிட்டு நேரே டாக்டரிடம்தான்.

நான் சொல்ல வந்தது கத்தரிக்கோலைப் பற்றி. நாயின் தொடையில் கட்டிபட்ட முடியைச் சரி வெட்டிவிடலாம் என்று முடி திருத்துகிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம், அங்கே இருந்த பையன் முடிக்கட்டியைக் கையால் தூக்கிப் பிடித்து அடியில் கத்தரியை விட்டான். முடியை இழுத்தால் மெல்லிய தோலும் கூடவே மேலே வரும், வெளியே இருந்து பார்த்தால் எது முடி எது தோல் என்று தெரியாது. தையல் போட வேண்டியதாயிற்று. இப்போது வீட்டிலேயே செய்கிறேன். முதலில் ஒரு பேன்சீப்பைத் தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் படுக்கையாகச் செருகுவேன், சீப்புக்கு மேலே நிற்கிற முடியை மட்டும் வெட்டுவேன். சீப்பு நுழையவில்லை என்றால் அன்றைக்கு வெட்டு கிடையாது.

முயல்வீடு

முயல், கினிப் பன்றி, வெள்ளெலி வளர்ப்பவர்கள் மேலே எழுதிய குளியல் பகுதியை அப்படியே செய்துவிடாதீர்கள். முயலைத் தண்ணீரில் முக்கினால் பயத்திலேயே அதிர்ச்சியாகி உயிர்போன கதைகள் உண்டு, உதைத்துத் துள்ளும்போது முதுகெலும்பே முறியலாம், அதனால் தூக்கும்போது பின்பக்கத்தைக் கையால் தாங்கியே பிடியுங்கள். எங்கள் முயல் அதிரசத்துக்கு வைத்திருந்த வெல்லப்பாகில் (நல்லவேளை ஆறியிருந்தது) காலை விட்டுவிட்டது. இதற்கு எண்ணெயே வேண்டாம், சர்க்கரைச் சமாச்சாரம் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீருக்கே கரையும். ஈரத்துணியை அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தேன், உடனே ஒற்றி உலர்த்தினேன். தாமதித்தால் எறும்பு வந்துவிடும், அந்தக் கடி தனித் தொல்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முடியில் எதையாவது விட்டுவைத்தால் உள்ளே போனது போனதுதான். வெள்ளெலிக்குத் தண்ணீர்க் குளியலே வேண்டாம்.

வேளச்சேரி

பபுள்கம் ஒட்டினால்? ஃபெவிக்விக் சொட்டினால்? எங்கள் வீடு ரெண்டும் நடக்கிற வீடு, பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான்.

மதுரைக்காரன்

பபுள்கம்மில் ஐஸ்கட்டியை வைத்து இறுக வைத்தால் நொறுங்கி வரும், மிச்சத்துக்கு எண்ணெய். கவரைப் பாருங்கள், சர்க்கரை இல்லாதது என்று போட்டு அதில் சைலிடால் என்கிற இனிப்புச் சரக்கு இருந்தால், நாய் கொஞ்சம் விழுங்கியிருந்தாலும் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், ஈரலும் கெடும், காத்திருக்காமல் கிளம்புங்கள். ஃபெவிக்விக் இறுகிவிட்டால் அதோடு மல்லுக்கட்டவே வேண்டாம். தோலில் பட்டது தானாக உதிரும், முடியில் பட்டது முடி வளர்ந்தால் போய்விடும். கண்ணிலோ வாயிலோ பட்டால் மட்டும் டாக்டர்.

முதலில் எழுதியவர்

எப்போது டாக்டரிடம் ஓடுவது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். முகமோ நெஞ்சோ ஒட்டியிருந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கால் மடங்கியிருந்தால், தோல் கிழிந்திருந்தால், எண்ணெயெல்லாம் வேண்டாம், அட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு அட்டையோடேயே கொண்டுபோங்கள். மூக்கருகே எண்ணெய் விட்டால் உள்ளே இழுத்து நுரையீரல் கெட்டுவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் விலங்கு நல வாரியமே இதற்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, இங்கிலாந்தில் 2022இல் சட்டம் போட்டு 2024 ஜூலை கடைசியிலிருந்து பொதுமக்கள் வைப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். இங்கே பல கடைகளில் இன்னும் தொங்குகிறது. எலிக்கூண்டு கொஞ்சம் விலை அதிகம்தான், ஆனால் காலையில் உள்ளே எது இருந்தாலும் கதவைத் திறந்துவிட முடியும்.

வேளச்சேரி

மைனா ஒட்டினாலும் இதே எண்ணெய்தானா அக்கா?

முதலில் எழுதியவர்

இல்லை இல்லை, பறவைக்கு எண்ணெய் விடாதீர்கள். இறகில் எண்ணெய் ஏறினால் அதால் பறக்கவும் முடியாது, உடம்புச் சூட்டைக் காக்கவும் முடியாது. பறவை ஒட்டாமல் காலியாக இருக்கிற பசையின் மேல் காகிதம் ஒட்டி, மேலே துணி போர்த்தி, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்விடுங்கள்.