எல்ஐசி பில்டிங் யார் கட்டினது? செட்டியாரா, எல்ஐசியா?

மவுண்ட்ரோடு மணி:
காலையில ஒரு வாட்ஸப் குரூப்ல "சென்னை மவுண்ட்ரோடு எல்ஐசி பில்டிங் செட்டியார் கட்டினது"ன்னு ஒருத்தர் போட்டிருந்தார், படிச்சதும் கோவமா வந்துச்சு. 1959 ஆகஸ்ட் 23ல மொரார்ஜி தேசாய் திறந்து வச்சப்ப இந்தியாவுலயே உயரமான கட்டிடம் அதுதான், 177 அடி. பாலிசி எடுத்த சாதாரண ஜனங்க காசுல அரசாங்க கம்பெனி கட்டினத ஒரு தனி மனுஷன் பேர்ல எழுதலாமா?

காரைக்குடி சொக்கு:
மணி சார், வேலை ஆரம்பிச்சது 1953. எல்ஐசி பொறந்ததே 1956 செப்டம்பர் 1. பொறக்காத கம்பெனி எப்படி கடக்கால் தோண்டும்? அது யுனைடெட் இந்தியா லைஃப் அஷ்யூரன்ஸ் கம்பெனிக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பிச்ச வேலை, 1937ல ஐஓபி பேங்க் ஆரம்பிச்சாரே அவரேதான். (சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு வச்சிருக்கறது எம்.ஏ. சிதம்பரம் பேர், அவர் வேற, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.) 1954 மார்ச்ல சிங்கப்பூர்ல பிளேன் விபத்துல போயிட்டார், அம்பது வயசு கூட ஆகல, கட்டிடம் எழுந்து நின்னத பாக்க அவருக்கு குடுத்து வைக்கல. அதனாலதான் பேர சொல்லுங்கன்னு கேக்குறேன்.

மணி:
ஆரம்பிச்சவர் அவர், சரி. முடிச்சது யாரு? 1975 ஜூலைல பெரிய தீ விபத்து நடந்துச்சே, அதுக்கப்புறமும் சரி பண்ணி இன்னைக்கு வரைக்கும் நிக்க வச்சிருக்கறது யாரு? எங்கப்பா அங்க கிளார்க்கா இருந்தார், சின்ன வயசுல ஒரு சனிக்கிழமை என்ன மேல கூட்டிட்டு போனார், ஜன்னல் கம்பிய புடிச்சிட்டு எட்டிப் பாத்தா கூவம் கடல்ல போய் சேர்ற எடம் வரைக்கும் தெரிஞ்சுது, அந்த கம்பி வெயில்ல சுட்டது இன்னும் கையில இருக்கு. அந்த ஆபீஸ்ல வேலை பாத்தவங்களோடது சார் அந்த கட்டிடம்.

சொக்கு:
அப்பா உழைப்ப நான் குறைச்சு சொல்லல சார். ஆனா ஜனங்க காசுன்னு சொன்னீங்களே, யுனைடெட் இந்தியால பாலிசி போட்டவங்களும் ஜனங்கதானே. 245 கம்பெனிய சேர்த்து எல்ஐசி ஆக்கினப்ப அந்த காசும் கட்டி முடிக்காத இந்த பில்டிங்கும் சேர்ந்தேதான் போச்சு.

கம்பிகட்டு ரவி:
நான் சைட் இஞ்சினியர், ரெண்டு பேரும் விட்டத சொல்றேன். அதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல பெரிய கட்டிடம்னா செங்கல்லும் சுண்ணாம்பும்தான், சுவர்தான் எடைய தாங்கும், அப்படி இத்தன மாடி ஏத்தினா கீழ் மாடியில சுவர் தடிமனே பாதி ரூம முழுங்கிடும். இதுல கான்கிரீட் தூண் எடைய வாங்கிக்குது, சுவர் சும்மா மறைப்பு, அதனாலதான் அவ்வளவு ஜன்னல் வைக்க முடிஞ்சுது, மணி சார் எட்டிப் பாத்த ஜன்னலும் அப்படி வந்ததுதான். முதல்ல டிசைன் பண்ணது லண்டன் ஆர்க்கிடெக்ட்கள், அவங்க நடுவுல விலகிட்டாங்க, முடிச்சுக் குடுத்தது நம்ம ஊர் எல்.எம். சித்தாலே.

மணி:
1953 தேதிய ஒத்துக்கறேன் சொக்கு. குரூப்ல செட்டியார் ஆரம்பிச்சது, எல்ஐசி முடிச்சதுன்னு போடுறேன், கட்டினது செட்டியார்னு மட்டும் போட மாட்டேன்.

சொக்கு:
அது போதும் சார்.

ரவி:
சித்தாலே பேரையும் சேத்துக்கோங்க.